அயா சோஃபியா: கீழ்த்தளத்துக்குத் தனி பாஸ் உண்டா?

கேள்வி: அடுத்த மாதம் 68 வயதான என் அம்மாவுடன் இஸ்தான்புல் செல்கிறேன். ஒருவருக்கு 60 யூரோ கொடுத்தால் அயா சோஃபியாவில் வரிசையில் நிற்காமல் கீழ்த்தளத்துக்கே அழைத்துச் சென்று குவிமாடத்தின் அடியில் நிறுத்துவதாக ஏஜென்ட் ஒருவர் சொல்கிறார். 2022இல் சென்றுவந்த தோழியோ கட்டணமே இல்லை என்கிறார். யாரை நம்புவது? அம்மாவுக்கு முழங்கால் வலி வேறு.

பதில்: தோழி சொல்வது அவர் போன காலத்துக்குச் சரி. ஏஜென்ட் சொல்வது எந்தக் காலத்துக்கும் சரியல்ல.

537இல் தேவாலயமாகக் கட்டிமுடிக்கப்பட்டு, 1453இல் பள்ளிவாசலாகி, 1930களில் அருங்காட்சியகமான இக்கட்டடம், 2020 ஜூலையில் மீண்டும் பள்ளிவாசலானபோது எல்லோருக்கும் இலவசமாகத் திறந்துவிடப்பட்டது. 2024 ஜனவரி 15 முதல், சுற்றிப் பார்க்க வரும் வெளிநாட்டினர் 25 யூரோ செலுத்தி மேல்மாடத்துக்கு மட்டுமே செல்லலாம். கீழ்த்தளத்துக்கு விலைக்கு விற்கப்படும் பாஸ் எதுவும் இல்லை. இல்லாத பொருளைத்தான் உங்களிடம் 60 யூரோவுக்கு விற்கப் பார்க்கிறார்கள். ‘வரிசை இல்லை’ என்பதும் பாதி உண்மைதான். டிக்கெட் வரிசையைத் தவிர்க்கலாம், பாதுகாப்புச் சோதனை வரிசையை யாராலும் தவிர்க்க முடியாது. இஸ்தான்புல் மியூசியம் பாஸும் இங்கே செல்லாது, ஏனெனில் இது இப்போது மியூசியம் அல்ல. வாசலருகே ஒருவர் அன்பாகப் பேச்சுக் கொடுத்து, ‘இப்போது மூடியிருக்கிறது, அதுவரை நம் கடையில் தேநீர் அருந்தலாம்’ என்று அழைத்தால், அந்தத் தேநீர் கம்பள வியாபாரத்தில்தான் போய் முடியும்.

கீழ்த்தளம் தொழ வருவோருக்கு உரியது, கட்டணமும் இல்லை. இது துருக்கியருக்கு மட்டுமான சலுகை என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியல்ல, எந்த நாட்டு முஸ்லிமும் தொழுகைக்காக உள்ளே செல்லலாம். ஆனால் தொழுகை வாசல் வழியாகச் சென்றவர் அப்படியே மேல்மாடத்துக்கு ஏறிவிட முடியாது; அங்குள்ள மொசைக்குகளை, அதாவது வண்ணச் சில்லுகளைப் பதித்து உருவாக்கிய ஓவியங்களை, பார்க்க அவரும் டிக்கெட் எடுத்துத்தான் வரவேண்டும். தலையில் துணியைப் போட்டுக்கொண்டு ‘தொழ வந்தேன்’ என்று சொல்லிவிடுங்கள் என யோசனை சொல்பவர்களும் உண்டு. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். யார் தொழ வந்தவர், யார் பார்க்க வந்தவர் என்பதை வாசற்காவலரின் கணிப்புக்கு விட்டுவிட்டு, பாதிக் கட்டடத்துக்கு முழு விலை வாங்கும் இந்த ஏற்பாடு எனக்கும் உவப்பானதல்ல, ஆனாலும் பொய் சொல்லி நுழைவதற்கு அது நியாயமாகாது.

மேல்மாடத்தில் ஏமாற்றம் இருக்காது. தெற்குப் பக்கத்தில் உள்ள கிறிஸ்து மொசைக்கின் கீழ்ப்பகுதி உதிர்ந்துவிட்டாலும் கிறிஸ்து, மரியாள், யோவான் ஆகிய மூவரின் முகங்களும் தப்பியிருக்கின்றன. சற்றுத் தள்ளி, இன்னொரு மொசைக்கில் பைசாந்தியப் பேரரசி ஸோயிக்கு எதிர்ப்புறம் நிற்கும் கணவரின் முகத்தையும் அதன் மேலுள்ள எழுத்துகளையும் கிட்டப்போய்ப் பாருங்கள். அவை பின்னாளில் மாற்றிப் பதிக்கப்பட்டவை, ஏனெனில் கணவர் மாறிவிட்டார்.

இனி அம்மாவின் முழங்கால். மேல்மாடத்துக்குச் செல்வது படிக்கட்டு அல்ல. கல் பாவிய, திரும்பித் திரும்பி ஏறும் சரிவுப்பாதை. கற்கள் மேடுபள்ளமாகவும் காலடி பட்டு வழவழப்பாகவும் இருப்பதால் ஏறுவதைவிட இறங்குவதே கடினம், சக்கர நாற்காலிக்கும் அது ஏற்றதல்ல. அவருக்குச் சிரமம் என்றால் அவர் பெயரில் டிக்கெட் வாங்காதீர்கள். வெள்ளிக்கிழமை நண்பகலில் பார்வையாளர்களை அனுமதிப்பதில்லை என்பதால் அந்த நாளையும் தவிர்த்துவிடுங்கள்.

குவிமாடத்தின் அடியில் நிற்கும் ஆசை அவருக்கு இருந்தால், அருகிலேயே உள்ள குச்சுக் அயா சோஃபியாவுக்கு, அதாவது ‘சின்ன’ அயா சோஃபியாவுக்கு, டாக்சியில் அழைத்துச் செல்லுங்கள். பெரியதைக் கட்டிய அதே பைசாந்தியப் பேரரசர் ஜஸ்டினியன் அதற்குச் சற்று முன்பே எழுப்பத் தொடங்கிய தேவாலயம் அது. 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பள்ளிவாசலானது. கட்டணம் இல்லை, ஏற வேண்டியதும் இல்லை. தொழுகை நேரம் தவிர்த்துச் சென்று, செருப்பைக் கழற்றி, தலையை மூடிக்கொண்டால், ஜஸ்டினியனையும் அவர் மனைவி தியோடோராவையும் போற்றும் கிரேக்கக் கல்வெட்டு சுற்றிலும் ஓடுவதைக் கம்பளத்தில் அமர்ந்தபடியே அவர் பார்க்கலாம்.