டீப் பர்ப்பிள் பாட்டை ஸ்டுடியோப் பதிவில் கேட்பதா, லைவில் கேட்பதா?

"உங்களுக்குப் பிடித்த ராக் குழு ஒன்றை எடுத்துக்கொண்டால், அவர்கள் ஸ்டுடியோவில் பதிந்தது நன்றாக இருக்கிறதா, லைவில் வாசித்தது நன்றாக இருக்கிறதா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

எனக்கு டீப் பர்ப்பிள். அதிலும் பாட இயன் கில்லன், கிடாரில் ரிச்சி பிளாக்மோர், ஆர்கனில் ஜான் லார்ட், பேஸில் ரோஜர் குளோவர், டிரம்ஸில் இயன் பெய்ஸ் என்று ஐவரும் கூட இருந்த காலம். இந்தக் கேள்விக்கு இவர்களைவிடத் தோதான ஆட்கள் கிடையாது. 1972 மார்ச்சில் மெஷின் ஹெட் ஆல்பம் வந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில், அதிலிருந்த ஏழு பாட்டில் நான்கை ஜப்பான் மேடையில் வாசித்தார்கள். அந்தப் பதிவு டிசம்பரில் மேட் இன் ஜப்பான் என்ற இரட்டை ஆல்பமாக இங்கிலாந்தில் வெளியானது. அதே ஆட்கள், அதே பாட்டு, ஒரு வருடத்துக்குள். ஒப்பிட இதைவிட என்ன வேண்டும்?

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் லைவைத்தான் முதலில் கேட்டேன். அதனால் என் காது கொஞ்சம் ஒருபக்கம் சாய்ந்ததுதான்.

சென்னையில் கல்லூரி விடுதியில் இருந்தபோது சீனியர் அண்ணன் ஒருவர் மேட் இன் ஜப்பான் என்று ஆல்பத்தின் பேரைத் தாளில் எழுதிக் கொடுத்து, போய்ப் பதிந்துகொண்டு வா என்றார். அப்போதெல்லாம் ரெக்கார்டிங் கடையில் காலி கேசட்டைக் கொடுத்தால் கேட்ட பாட்டைப் பதிந்து தருவார்கள். கடைக்காரர் தாளைப் பார்த்தார். "தம்பி, இது டபுள் ஆல்பம். அறுபது நிமிஷ கேசட்ல அடங்காது. தொண்ணூறு வாங்கிக்க." என் பையில் அறுபதுக்குத்தான் காசு. "அடங்குற வரைக்கும் போடுங்கண்ணே" என்றேன். மனிதர் விவரமானவர். முதல் பக்கத்தில் ஹைவே ஸ்டார், சைல்ட் இன் டைம், ஸ்மோக் ஆன் த வாட்டர். அத்தோடு நிறுத்தி, டிரம்ஸ் மட்டுமே நீளும் த மியூலை விட்டுவிட்டார். மறுபக்கத்தில் ஸ்ட்ரேஞ்ச் கைண்ட் ஆஃப் உமன், லேசி, அப்புறம் டேப் தீரும்வரை ஸ்பேஸ் ட்ரக்கின். அதாவது கிட்டத்தட்ட இருபது நிமிடப் பாட்டில் பாதி. பத்தாவது நிமிடத்தை நெருங்கும்போது ஆர்கன் நடுவிலேயே 'டக்'கென்று அறுந்துவிடும். பல வருடம் எனக்கு அந்தப் பாட்டின் முடிவே அந்த 'டக்'தான்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஸ்டுடியோ என்றதும் கண்ணாடித் தடுப்பு, தலையில் ஹெட்போன், நூறு முறை திருத்தம் என்று நினைப்போம். மெஷின் ஹெட் அப்படிப் பதிந்ததே இல்லை. சுவிட்சர்லாந்தில் மோன்ட்ரோ ஊரின் கசினோ அரங்கில் பதிவதாகத்தான் திட்டம். அதற்காக ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின், ஒலிப்பதிவுக் கருவிகள் பொருத்திய லாரியை வாடகைக்கு எடுத்துக்கொண்டு போனார்கள். 1971 டிசம்பர் 4 அன்று அங்கே அமெரிக்க ராக் கலைஞர் ஃபிராங்க் ஸப்பாவின் கச்சேரி. கூட்டத்தில் யாரோ சிக்னல் துப்பாக்கியைக் கூரையை நோக்கிச் சுட, கசினோ மொத்தமும் எரிந்துபோனது. பிறகு ஊருக்குள் பவிலியன் என்ற வேறொரு அரங்கம் கிடைத்தது. ராத்திரியில் இவர்கள் போட்ட சத்தத்தில் அக்கம்பக்கம் புகார் கொடுத்து, போலீஸ் கதவைத் தட்டியது. ஆட்கள் உள்ளேயிருந்து கதவை அழுத்திப் பிடித்துக்கொள்ள, அந்த நேரத்தில் வாசித்து முடித்ததுதான் ஸ்மோக் ஆன் த வாட்டரின் இசைப்பகுதி. பாட்டின் வரிகள் பிற்பாடு எழுதியவை. அவை சொல்வதும் அந்தத் தீயின் கதையைத்தான்.

அங்கிருந்தும் வெளியேற்றப்பட்டு, குளிர்காலத்துக்காக மூடிக்கிடந்த கிராண்ட் ஹோட்டலுக்குப் போனார்கள். மெத்தைகளைச் சாத்தி வைத்து, நடைபாதையையே பதிவறை ஆக்கினார்கள். வெளியே நின்ற லாரிக்குப் போய் வாசித்ததைப் போட்டுக் கேட்க வேண்டுமென்றால் அறை, பால்கனி என்று சுற்றிக்கொண்டு போக வேண்டும். அலுத்துப்போய், திரும்பக் கேட்பதையே பெரும்பாலும் விட்டுவிட்டார்கள். வாசித்தது திருப்தியாக இருந்தால் அடுத்த பாட்டு. ஆக நாம் ஸ்டுடியோப் பதிவு என்று சொல்லிக்கொண்டிருப்பதே பாதி லைவ்தான், முன்னால் ரசிகர்கள் மட்டும் இல்லை. இதைத் தெரிந்துகொண்ட பிறகுதான் இரண்டையும் வேறு மாதிரி கேட்க ஆரம்பித்தேன்.

ஹைவே ஸ்டாரில் என் ஓட்டு ஸ்டுடியோவுக்கு. சண்டைக்கு வருவீர்கள் என்று தெரியும். லைவில் பெய்ஸின் ஸ்னேர் டிரம் லேசாகத் தட்டித் தட்டிக் கிளம்பும், லார்ட் ஆர்கனில் உறுமுவார், வண்டி ஸ்டார்ட் ஆகும் அந்தச் சுகத்துக்கு ஈடில்லை. நானும் மறுக்கவில்லை. ஆனால் கிடார் மட்டும் முன்னால் வந்து வாசிக்கும் சோலோ வந்ததும் நிலைமை மாறிவிடுகிறது. பிளாக்மோர் அந்த சோலோவைப் போகிற போக்கில் வாசித்தவர் இல்லை. ஜெர்மன் இசைமேதை பாக்கின் பாணியிலான சுர அடுக்கின் மேல் ஒவ்வொரு சுரமாக முன்பே யோசித்துக் கட்டி, சில இடங்களில் இரண்டு கிடார் சேர்ந்து வாசிப்பதுபோல ஒன்றின் மேல் ஒன்றாகப் பதிந்தார். மேடையில் அவரிடம் இருப்பது ஒரே கிடார். அந்த இரட்டைக் குரல் அங்கே வராது. அதற்குப் பதிலாகக் கொஞ்சம் அவசரமும் கொஞ்சம் ஆவேசமும் வரும். எனக்கு அந்தக் கட்டிய வீடுதான் வேண்டும்.

ஸ்மோக் ஆன் த வாட்டரும் ஸ்டுடியோவுக்கே. ஆரம்ப மெட்டு முதலில் கிடாரில் தனியாக, பிறகு ஹை-ஹேட் என்ற டிரம்ஸின் இரட்டைத் தட்டும் ஆர்கனும், அப்புறம் டிரம்ஸ் முழுசாக, கடைசியில் பேஸ். படிப்படியாக ஏறி வந்து நிற்கும். குளோவரின் பேஸ் உள்ளே நுழையும் இடத்தில் இன்றைக்கும் எனக்கு முதுகு நிமிரும். லைவில் பிளாக்மோர் ரசிகர்களைச் சீண்டுவதற்கென்றே அந்த மெட்டின் தாளத்தை இடம் மாற்றி, விட்டு விட்டு ஆரம்பிப்பார். ஒருநாள் காரில் இது ஓடியபோது என் மகள், "அப்பா, இவருக்கு வாசிக்கத் தெரியலையா?" என்று கேட்டாள். பள்ளியில் யாரோ கிடாரில் அதைச் சரியாக வாசித்துக் கேட்டிருக்கிறாள். உலகத்தில் கிடார் வாங்கிய எல்லோரும் முதல் வாரத்தில் வாசிக்கும் மெட்டு, அதைக் கண்டுபிடித்தவருக்கே வரவில்லை என்று அவளுக்குச் சிரிப்பு.

ஆனால் இதே பாட்டில் லைவ் ஜெயிக்கும் இடம் ஒன்று உண்டு, முடிவு. ஸ்டுடியோவில் பாட்டை முடிக்கத் தெரியாவிட்டால் பரவாயில்லை, சத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துவிடலாம். இந்தப் பாட்டும் அப்படித்தான் கரைந்து போகும். மேடையில் அந்த வசதி இல்லை. எப்படியாவது முடித்துத்தான் இறங்க வேண்டும். அதனால் கடைசியில் ஆர்கனும் கிடாரும் மாறி மாறிப் பேசிக்கொள்ளும் ஒரு பகுதியைச் சேர்த்தார்கள். ஹெட்போனில் கேளுங்கள், ஒரு காதில் லார்ட், மறுகாதில் பிளாக்மோர். லார்ட் தன் ஹேமண்ட் ஆர்கனை, கிடார்காரர்கள் வைத்துக்கொள்ளும் மார்ஷல் ஆம்ப்ளிஃபையர் வழியாக வாசித்தவர். யார் கிடார், யார் ஆர்கன் என்றே சில இடங்களில் சந்தேகம் வரும்.

சைல்ட் இன் டைம் 1970இல் வந்த இன் ராக் ஆல்பத்துப் பாட்டு. இதில் பேச்சே இல்லை, லைவ்தான். கதை தெரிந்தவர்கள் சொல்வார்கள், இதன் ஆரம்ப மெட்டு இட்ஸ் எ பியூட்டிஃபுல் டே என்ற அமெரிக்கக் குழுவின் 'பாம்பே காலிங்' என்ற துண்டிலிருந்து வந்தது என்று. கில்லனே ஒளிக்காமல் ஒப்புக்கொண்ட விஷயம் இது. வார்த்தையே இல்லாமல் 'ஊ' என்று தாழ்ந்த குரலில் தொடங்கி, 'ஆ'வுக்கு ஏறி, கடைசியில் அலறலாக மாறும் பாட்டு. ஸ்டுடியோவில் ஏற்றம் இருக்கிறது, தாழ்வு போதவில்லை. ஒசாகா அரங்கில் கில்லன் குரலை எவ்வளவு தாழ்த்துகிறார் என்றால், கேட்கிறவர் தானாக வால்யூமைக் கூட்டிவிடுவார். நானும் கூட்டுவேன். மூன்று நிமிடம் கழித்து அதே வால்யூமில் அந்த அலறல் வரும். விடுதியில் இதனால் பக்கத்து அறைக்காரனிடம் நான் வாங்கிக் கட்டிக்கொண்டது தனிக் கதை. அந்தப் பதிவு ஆகஸ்ட் 16 இரவினுடையது. மூன்று நாள் கழித்து கில்லனுக்கு 27 வயது முடிகிறது. அந்த வயதுத் தொண்டையால்தான் அதைச் செய்ய முடியும். பிற்காலத்தில் அந்தப் பாட்டையே அவர்கள் மேடையில் விட்டுவிட்டார்கள்.

ஸ்ட்ரேஞ்ச் கைண்ட் ஆஃப் உமன் 1971இல் சிங்கிளாக, அதாவது ஆல்பத்தில் சேராத தனிப்பாட்டாக வந்தபோது நான்கு நிமிடச் சாதாரணப் பாட்டு. கேட்கலாம், மறந்துவிடலாம். மேடையில் அது பத்து நிமிடம் ஓடுவதற்குக் காரணம், நடுவில் கிடாருக்கும் குரலுக்கும் நடக்கும் போட்டி. பாடகர் ஒரு சங்கதி போட, வயலின்காரர் அதைத் திருப்பி வாசிப்பதைக் கேட்டுப் பழகிய காது நமக்கு. இங்கே தலைகீழ். பிளாக்மோர் வாசிப்பார், கில்லன் அதைத் தொண்டையில் திருப்பிச் சொல்ல வேண்டும். இவர் வேண்டுமென்றே கோணலாக எதையாவது வாசித்து மாட்டிவிடப் பார்ப்பதும், அவர் விடாமல் துரத்துவதும் சிரிப்பாகவே இருக்கும். பிறகு இருவரும் மேலே மேலே போய், கில்லன் பிடிக்கும் உச்சத்தில் கிடார் தோற்றுவிடும். அந்த இருவருக்கும் அப்போதே அவ்வளவாக ஒத்துப்போகவில்லை என்பது தெரிந்து கேட்டால் இன்னும் ருசி.

லேசியும் லைவ்தான், விளக்கம் வேண்டாம். லார்டின் முன்வாசிப்பு ஒன்றே போதும்.

இன்னொரு விஷயம் சொல்ல வேண்டும். இவ்வளவு புகழ்ந்தாலும், இந்த லைவ் ஆல்பத்தில் அவர்களுக்கே பெரிய ஆசை இருக்கவில்லை. ஜப்பானிய கம்பெனி கேட்டது. எங்கள் ஒலிப்பதிவுப் பொறியாளர் மார்ட்டின் பர்ச்தான் பதிவார், வெளியிடுவதா இல்லையா என்பதை நாங்களே முடிவு செய்வோம் என்ற நிபந்தனையில் ஒப்புக்கொண்டார்கள். எட்டுத் தடங்களில் தனித்தனியாகப் பதியும் டேப்பில், ஒசாகாவில் 15, 16 தேதிகளிலும், டோக்கியோவின் புடோகான் அரங்கில் 17ஆம் தேதியும் பதிந்தார்கள். பிற்பாடு எதையும் சேர்த்து ஒட்டவில்லை. ஒலிக்கலவைக்கு குளோவரும் பெய்ஸும்தான் வந்து உட்கார்ந்தார்கள்.

மூன்று இரவுகளின் பதிவையும் சேர்த்து மூன்று சிடி தொகுப்பு ஒன்று 1993இல் வந்தது. அதைக் கேட்டபோதுதான், நான் இத்தனை காலம் 'லைவ்' என்று கொண்டாடியது ஒரு பொறுக்கியெடுத்த சரக்கு என்று புரிந்தது. அதே ஹைவே ஸ்டார் ஓரிரவு வேறு மாதிரி போகிறது, அதே சோலோ இன்னொரு இரவு வேறு பக்கம் திரும்புகிறது. நமக்கு மனப்பாடமானது அவற்றில் ஒன்றே ஒன்று. முப்பது வருடம் திரும்பத் திரும்பக் கேட்டால் லைவும் ஸ்டுடியோப் பதிவு மாதிரி இறுகித்தான் போகிறது. ஒசாகாவில் அன்று கில்லன் இழுத்த மூச்சு எனக்கு ஸ்வரத்தைப் போல மனப்பாடம்.

ஸ்பேஸ் ட்ரக்கினில் மட்டும் என்னால் முடிவு செய்ய முடியவில்லை. ஸ்டுடியோவில் நாலரை நிமிடம், கச்சிதம். லைவில் முதல் நாலைந்து நிமிடத்தில் பாட்டு முடிந்துவிடும். மீதிப் பதினைந்து நிமிடமும் ஆர்கனும் கிடாரும் எங்கெங்கோ அலையும். அரங்கில் உட்கார்ந்திருந்தால் சொக்கிப்போயிருப்பேன். வீட்டில் கேட்கும்போது நடுவில் எழுந்து காபி போடப் போயிருக்கிறேன் என்பதையும் மறைப்பதற்கில்லை. முழுதாக அதைக் கேட்டது வேலைக்குச் சேர்ந்து, சிடி வாங்கிய பிறகுதான். பழக்கதோஷம், இப்போதும் பத்தாவது நிமிடம் நெருங்கினால் ஆர்கன் அறுந்துவிடும் என்று காது காத்திருக்கிறது.