உச்ச நீதிமன்றமே சொன்ன பிறகும் ஒரு மாநிலம் தண்ணீர் தர மறுத்தால், தர வைப்பது யார் என்று ஒருவர் கேட்டிருக்கிறார்.

காவிரியை வைத்தே சொல்கிறேன். எனக்கு நன்றாகத் தெரிந்த வழக்கு அது ஒன்றுதான். திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே, கடைமடையில் எங்களுக்குக் கொஞ்சம் நிலம் இருக்கிறது. மேட்டூரில் திறந்த தண்ணீர் எல்லா ஊரையும் பார்த்துவிட்டுக் கடைசியாக எட்டிப் பார்க்கும் இடம்.

நேரடியான பதில்: தர வைப்பதற்கென்று யாரும் இல்லை. மதகு எந்த மாநிலப் பொறியாளர் கையில் இருக்கிறதோ, அவர் திறந்தால்தான் தண்ணீர் வரும். தீர்ப்பு, அரசிதழ், ஆணையம் எல்லாமே அவரைத் திறக்கச் சொல்லும் ஏற்பாடுகள்தான்.

பொதுவாக இரண்டு மாநிலங்களுக்குள் சண்டை என்றால் அரசியலமைப்பின் 131-வது பிரிவின்படி நேராக உச்ச நீதிமன்றம் போகலாம். ஆற்றுநீருக்கு மட்டும் வழி வேறு. 262-வது பிரிவும் 1956-ஆம் ஆண்டுச் சட்டமும், 'நீர்ப் பங்கீட்டை நடுவர் மன்றம்தான் விசாரிக்க வேண்டும்' என்கின்றன. அந்த நடுவர் மன்றத்தை அமைக்க வேண்டியது மத்திய அரசு. இழுபறி அங்கிருந்தே தொடங்கியது. மெட்ராஸ் மாகாணமும் மைசூர் சமஸ்தானமும் 1924-ல் போட்ட ஒப்பந்தத்தின் ஐம்பது ஆண்டுகள் 1974-ல் முடிந்தன. நடுவர் மன்றம் வந்தது 1990-ல், அதுவும் டெல்டா விவசாயிகள் சங்கம் போட்ட வழக்கில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்ட பிறகு. இறுதித் தீர்ப்பு 2007-ல், அது அரசிதழில் ஏறியது 2013-ல். 1974-ல் என் அப்பாவுக்கு 14 வயது. அரசிதழ் வந்தபோது 53.

இடையில் 1991-ல், ஆண்டுக்கு 205 டிஎம்சி (ஒரு டிஎம்சி என்பது நூறு கோடி கன அடி) தர வேண்டும் என்று இடைக்கால உத்தரவு வந்தது. கர்நாடகம் அதைச் செல்லாமல் ஆக்க ஓர் அவசரச் சட்டமே போட்டது. நீதிமன்றத் தீர்ப்பை ஒரு மாநிலம் தன் சட்டத்தால் அழிக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் அதைத் தள்ளியது. அந்த டிசம்பரில் உத்தரவு அரசிதழில் வந்ததும் பெங்களூரில் தமிழர்கள் அடிவாங்கினார்கள். 1997-ல் ஒரு வரைவுத் திட்டம் தயாரானது: உத்தரவை மீறினால் அணைகளையே ஆணையம் தன் பொறுப்பில் எடுத்துக்கொள்ளலாம் என்று. கர்நாடகம் கடுமையாக எதிர்த்தது. 1998-ல் கடைசியில் கிடைத்தது, பிரதமர் தலைமையில், அந்த அதிகாரம் இல்லாத ஓர் ஆணையம். 'தர வைக்கும்' வழிக்கு நாம் மிக அருகில் போனது அப்போதுதான் என்பது என் எண்ணம்.

2016 செப்டம்பரில் நான் பெங்களூரில் வேலை பார்த்தேன். வினாடிக்கு 15,000 கன அடி, பிறகு 12,000 என்று உச்ச நீதிமன்றம் சொல்ல, 12-ஆம் தேதி ஊர் பற்றியெரிந்தது. தமிழ்நாட்டுப் பதிவெண் பேருந்துகளைக் கொளுத்தினார்கள். தெருவில் நின்ற என் பைக்கை உள்ளே இழுத்துவிட்டு, நம்பர் பிளேட்டை சாக்குப் போட்டு மூடியவர் நான் குடியிருந்த வீட்டின் சொந்தக்காரர். மண்டியா பக்கம் கரும்பு வைத்திருக்கும் குடும்பம். அன்றிரவு அவர் கேட்டது இன்னும் நினைவிருக்கிறது: "உங்கள் மெட்ராஸ் நேரடி வெள்ளைக்காரன் ஆட்சி, எங்கள் ராஜா அவனுக்கு அடங்கினவர். அப்போது போட்ட கையெழுத்து எங்களை எப்படிக் கட்டும்?" கர்நாடகம் இதையேதான் நீதிமன்றத்திலும் வாதிட்டது. 2018-ல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. ஆனால் அவர் பொய்க்குக் கேட்கவில்லை, உண்மையாகவே நம்பிக் கேட்டார். அப்படி நம்பும் லட்சம் ஓட்டு இருக்கும்போது எந்த முதலமைச்சர் சிரித்த முகத்தோடு மதகைத் திறப்பார்? அந்த மாதம் அவர்கள் சட்டமன்றமே கூடி, அணையில் இருக்கும் தண்ணீர் குடிநீருக்கு மட்டும்தான் என்று தீர்மானம் போட்டது.

2018 பிப்ரவரி 16 தீர்ப்பில் நமக்கு எல்லையில், பிலிகுண்டுலு அளவீட்டு நிலையத்தில் வர வேண்டிய அளவு, நடுவர் மன்றம் சொன்ன 192-லிருந்து 177.25 டிஎம்சியாகக் குறைந்தது. ஆறு வாரத்தில் செயல்திட்டம் என்றார்கள். கெடு முடியும் நேரத்தில் மத்திய அரசு, கர்நாடகத்தில் தேர்தல் இருக்கிறது, மூன்று மாதம் வேண்டும் என்று போய் நின்றது. (கேள்வி கேட்டவர் இந்த இடத்தை இரண்டு முறை படிக்கவும்.) ஜூன் 1-ல் காவிரி நீர் மேலாண்மை ஆணையம் அரசிதழில் வந்தது. ஒரு மாநிலம் ஒத்துழைக்காவிட்டால் அது என்ன செய்யலாம்? மத்திய அரசின் உதவியை நாடலாம். அவ்வளவுதான்.

இருந்தாலும் ஆணையத்தால் ஒரு பயன் உண்டு. ஜூனில் 9.19, ஜூலையில் 31.24, ஆகஸ்டில் 45.95 என்று மாதக் கணக்கு இருக்கிறது. எல்லையில் அளவு எடுக்கிறார்கள். முன்பெல்லாம் 'கொடுத்தோம்', 'வரவில்லை' என்று சண்டை. இப்போது பாக்கி எவ்வளவு என்பதில் சண்டை இல்லை, பாக்கியை எப்போது, எவ்வளவு தருவது என்பதில்தான். மழை நன்றாகப் பெய்தால் அந்தக் கேள்வியும் எழாது, அணை நிரம்பித் தானாக வழியும். மழை குறைந்த ஆண்டில் என்ன விகிதத்தில் பிரிப்பது என்பதற்கு இரு தரப்பும் ஒப்புக்கொண்ட சூத்திரம் இல்லை. 'பற்றாக்குறையையும் அந்தந்தப் பங்குக்கு ஏற்பப் பகிர வேண்டும்' என்பதோடு நடுவர் மன்றம் நிறுத்திக்கொண்டது. 2023-ல் ஆணையம் வினாடிக்கு 5,000 கன அடி வீதம் 15 நாள் என்றது. கணக்குப் போட்டால் ஆறரை டிஎம்சிகூட இல்லை. உச்ச நீதிமன்றம் தலையிட மறுத்தது. அதற்கே பெங்களூரில் பந்த், மாநிலம் முழுக்க இன்னொரு பந்த்.

கடன் வழக்கு என்றால் தீர்ப்பு பத்து வருடம் கழித்து வந்தாலும் வட்டியோடு வசூலிக்கலாம். ஆகஸ்டில் தர வேண்டிய தண்ணீரை நவம்பரில் வட்டியோடு தந்தால் எங்களுக்கு அது வெள்ளம். நேரடி விதைப்பு செய்தவனுக்கு முளைப்புத் தண்ணீர் வேண்டிய வாரம் தாண்டினால் விதைநெல் போச்சு. அவமதிப்பு வழக்கு விசாரணைக்கு வருவதற்குள் பருவம் முடிந்துவிடும். இது எதிர்த்தரப்புக்கும் தெரியும், வழக்கறிஞர்களுக்கும் தெரியும்.

எங்கள் வாய்க்காலிலும் முறை வைத்துத்தான் பாய்ச்சுகிறோம். மேல்மடைக்காரர் ராத்திரியில் வெட்டிவிடுவதும் உண்டு. ஆனால் விடிந்தால் அவர் எங்கள் வரப்பில்தான் நடக்க வேண்டும், எங்கள் வீட்டுக் கல்யாணத்தில்தான் சாப்பிட வேண்டும். அதனால் மறுநாள் மடை தானாக அடைபடும். 2003-ல் இரண்டு மாநில விவசாயிகளும் 'காவிரிக் குடும்பம்' என்று கூடி, ஒருவர் வயலை ஒருவர் போய்ப் பார்த்தது அப்படி ஒரு வரப்பு உறவை உண்டாக்கத்தான். சூத்திரம் வரை அது போகவில்லை.

அணைகளை மத்திய அரசு எடுக்கட்டும் என்று நம் பக்கம் சிலர் சொல்வார்கள். எந்தக் கட்சி டெல்லியில் இருந்தாலும் செய்யாது. மே மாதத்திலேயே, மழை தெரியும் முன்பே, 'இவ்வளவு குறைந்தால் இவ்வளவு' என்று கையெழுத்து வாங்கிவிட்டால் பாதிச் சண்டை குறையும் என்பது என் கருத்து. ஆகஸ்டில் கேட்டால் யாரும் போட மாட்டார்கள்.

அப்பா இதையெல்லாம் கேட்டுக்கொள்வார், பதில் சொல்ல மாட்டார். 2012 முதல் 2019 வரை எட்டு வருடம், வழக்கமாகத் திறக்கும் ஜூன் 12-ல் மேட்டூர் திறக்கவில்லை. 2020-ல் திறந்தபோது, "தண்ணி நம்ம மடைக்கு வரட்டும், அப்புறம் பேசலாம்" என்று சொல்லிவிட்டு மாட்டுக்கு வைக்கோல் போடப் போனார்.