பூகி வூகி பியானோ எங்கே பிறந்தது? அதை எப்படி வாசிக்கிறார்கள்?

பூகி வூகி என்பது அமெரிக்கக் கறுப்பினத்தவரின் ப்ளூஸ் இசையிலிருந்து வந்த பியானோ பாணி. எல்லாம் இடது கையில்தான் இருக்கிறது. கீபோர்டில் இதைப் பழக ஆரம்பித்தபோது இரண்டு வாரம் என் வலது கை மடியிலேயே கிடந்தது.

இடது கை வாசிக்கும் ஸ்வரங்கள் இவை: சி, இ, ஜி, ஏ, பி ஃபிளாட் (பி-க்கு அரை ஸ்வரம் கீழே), ஏ, ஜி, இ. எண்ணிப் பாருங்கள், எட்டு. ஒரு பாருக்குள், அதாவது நாலு தட்டு கொண்ட ஒரு தாளச் சுற்றுக்குள், இந்த எட்டும் அடங்கவேண்டும், அடுத்த பாரிலும் அதே. நாலு பார் ஆனதும் இதே வடிவத்தை எஃப்-க்குத் தூக்கிப்போய் இரண்டு பார், திரும்ப சி-யில் இரண்டு, ஜி ஒன்று, எஃப் ஒன்று, கடைசி இரண்டும் சி. ஆக 12 பார், ப்ளூஸின் கணக்கேதான். இதுவரை சுலபம். வலது கை சேர்ந்ததும்தான் வம்பு. அது தாளத்துக்கு முன்னே பின்னே துள்ளும், பக்கத்துக் கட்டையிலிருந்து வழுக்கி விழும், ஒரே இடத்தில் நின்று நடுங்கும். இடது கை எதையும் கண்டுகொள்ளக் கூடாது. என்னுடையது இன்னும் கண்டுகொள்கிறது!

இடது கை ஏன் இப்படி விடாமல் ஓடவேண்டும் என்பது இந்த இசை பிறந்த இடத்தைப் பார்த்தால் புரியும். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில், கிழக்கு டெக்சஸ் பைன் காடுகளில் மரம் வெட்டும் முகாம்கள் இருந்தன. அங்கே கறுப்பினத் தொழிலாளர்கள் குடித்து ஆடும் கொட்டகைக்குப் பேரல்ஹவுஸ் என்று பெயர். மைக் கிடையாது, டிரம் கிடையாது, மூலையில் ஒரு பியானோ. அத்தனை கூச்சலுக்கும் மேலே ஒற்றை ஆள் ஆட்டத்துக்குத் தாளம் கொடுக்கவேண்டும். வாசிப்பவர்கள் முகாம் விட்டு முகாம் போனது ரயிலில். இந்த இசையில் ரயில் ஓடுவது சும்மா இல்லை. பியானோ கலைஞர் மீட் லக்ஸ் லூயிஸின் 'ஹாங்க்கி டாங்க் ட்ரெய்ன் ப்ளூஸ்' கேளுங்கள், தண்டவாளச் சத்தமே வரும்.

பூகி வூகி என்ற பெயரை ஊரெல்லாம் பரப்பியது 1928 டிசம்பரில் பைன்டாப் ஸ்மித் சிகாகோவில் பதிந்த இசைத்தட்டு. பாவம், சில மாதங்களில் ஒரு நடன அரங்கில் குண்டு பாய்ந்து இறந்துபோனார். அப்புறம் 1938 டிசம்பர் 23 அன்று நியூயார்க் கார்னகி ஹாலில் லூயிஸ், ஆல்பர்ட் அம்மன்ஸ், பீட் ஜான்சன் மூவரும் வாசித்த பிறகு நாடே பைத்தியமானது.

எனக்குப் பிடித்தவர் ஜிம்மி யான்சி. சிகாகோ பேஸ்பால் மைதானத்தில் புல்தரையைப் பராமரிப்பது அவர் வேலை. வாசிப்பில் அவசரமே இருக்காது. எந்தச் சுருதியில் ஆரம்பித்தாலும் முடிக்கும்போது மட்டும் இ ஃபிளாட்டில் போய் நிற்பார். முதல் தடவை கேட்டபோது ரெக்கார்டில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்தேன்.