வாட்ச்மேன் ஆளைப் பிடித்து வைக்கலாமா? குன்னூர் வழக்கறிஞரின் பதில்கள்

எஸ்டேட் மேனேஜர், கோத்தகிரி: தோட்டத்துக்குள் அத்துமீறி நுழைபவரை எங்கள் வாட்ச்மேன் பிடித்து வைக்கலாமா சார்?

கூடாது. வெளியே போகச் சொல்லலாம், போகாவிட்டால் போலீஸைக் கூப்பிடலாம். செக்யூரிட்டி சட்டை மாட்டியதால் யாருக்கும் கைது அதிகாரம் வந்துவிடாது. உங்களுக்கும் எனக்கும் இருப்பதுதான் அவருக்கும். அது பி.என்.எஸ்.எஸ். எனும் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 40ஆம் பிரிவு. குற்றம் அவர் கண்ணெதிரே நடந்திருக்க வேண்டும். போலீஸ் வாரன்ட் இல்லாமலே கைது செய்யக்கூடிய, ஜாமீனில் விட முடியாத குற்றமாகவும் இருக்க வேண்டும். நீதிமன்றம் தேடும் அறிவிக்கப்பட்ட குற்றவாளியையும் பிடிக்கலாம். பிடித்தவரைத் தாமதிக்காமல், அதிகபட்சம் 6 மணி நேரத்துக்குள், போலீஸிடம் ஒப்படைத்தாக வேண்டும். 2024 ஜூலை 1 முதல் வந்த கெடு இது. அத்துமீறி நுழைவது ஜாமீனில் விடக்கூடிய குற்றம், எனவே 40ஆம் பிரிவு அங்கே உதவாது.

சிறு விவசாயி, கூடலூர்: ராத்திரியில் பச்சைத் தேயிலையைப் பறித்து மூட்டை கட்டுகிறார்கள். இது திருட்டுதானே?

திருட்டுதான். பொதுவாகத் திருட்டு ஜாமீனில் விட முடியாத குற்றம். ஆனால் பி.என்.எஸ். எனும் புதிய தண்டனைச் சட்டத்தில் 5000 ரூபாய்க்குக் குறைவான பொருள், முதல் குற்றம், பொருளும் திரும்பக் கிடைத்துவிட்டது என்றால் தண்டனை சமூக சேவைதான். அந்த வகையை ஜாமீனில் விடக்கூடியது என்றே பி.என்.எஸ்.எஸ். அட்டவணை சொல்கிறது. ஒரு மூட்டை இலை 5000 ரூபாய் வராது. மூட்டையைக் கொண்டுபோகாமல் தடுங்கள், அந்த உரிமை உங்களுக்கு உண்டு, தேவைக்கு மேல் பலம் வேண்டாம். வண்டி எண்ணைப் படம் எடுங்கள், 112க்கு அழையுங்கள். ஆளைக் கட்டிப்போடாதீர்கள்.

ரிசார்ட் நடத்துபவர், ஊட்டி: பில் கட்டாத கெஸ்ட்டை கேட்டில் நிறுத்தலாமா?

பில் பாக்கி பெரும்பாலும் சிவில் விவகாரம். வழியை மறித்தால் பி.என்.எஸ். 126, அறையில் பூட்டினால் 127. இரண்டாவதற்கு ஓராண்டு வரை சிறை.

இன்னொருவர், ஊட்டி: பைக் சாவியைப் பிடுங்கி வைக்கலாமா?

மேலே பாருங்கள். அதுவும் மறிப்பதுதான்.

ஹோட்டல் ஊழியர், குன்னூர்: பையைச் சோதிக்கலாமா?

சம்மதித்தால் மட்டும். பெண்ணின் பையைப் பெண் காவலாளி பார்க்கட்டும். மறுத்தால் உள்ளே விடாமல் இருக்கலாம், அவ்வளவுதான்.

கோத்தகிரி மேனேஜர் மறுபடியும்: ஏட்டில் இருப்பதைச் சொல்கிறீர்கள். மேட்டுத் தோட்டத்துக்கு ஜீப் வர ஒரு மணி நேரம் ஆகும். அதுவரை உர ரூமில் உட்கார வைத்தால் என்ன கெட்டுவிடும்?

அந்த உர ரூமிலிருந்து கிளம்பிய வழக்கை நான் நடத்தியிருக்கிறேன். தோட்டத்தில் காய்ந்த சில்வர் ஓக் குச்சிகளைக் கட்டித் தலையில் வைத்து வந்த ஒரு அம்மா. யூரியா மூட்டைகளுக்கு நடுவே உட்கார வைத்து, வெளியே பூட்டு. விறகுக்கட்டு மட்டும் கதவோரம் வெளியில் கிடந்தது. எஃப்.ஐ.ஆரில் ஏறியது பூட்டச் சொன்னவரின் பெயரல்ல, பூட்டிய வாட்ச்மேனின் பெயர். ஜார்க்கண்டிலிருந்து பிழைக்க வந்த பையன், தமிழே சரியாக வராது. அவனுக்கு ஜாமீன்தாரர் தேடி நான் அலைந்தேன். எஸ்டேட்டிலிருந்து ஒருவரும் வரவில்லை.

மஞ்சூரைத் தாண்டி முள்ளி வழியே இறங்கினால் கேரளத்தின் அட்டப்பாடி. 2018 பிப்ரவரியில் அங்கே மது என்ற பழங்குடி இளைஞரை, கடையில் அரிசி திருடினார் என்று சொல்லி ஊரார் காட்டிலிருந்து பிடித்துவந்து, கையைக் கட்டி அடித்தார்கள். போலீஸிடம் ஒப்படைத்தார்கள். ஆஸ்பத்திரி போகும் வழியில் அவர் இறந்தார். 2023இல் 14 பேர் குற்றவாளிகள் என்று தீர்ப்பு வந்தது, 13 பேருக்கு 7 ஆண்டு கடுங்காவல். 'ஜீப் வரும்வரை'தான் அங்கேயும் எல்லாம் நடந்தது.

மேனேஜர்: அப்படியானால் எங்கள் சொத்துக்கு யார் பொறுப்பு?

வாட்ச்மேன் கண்ணெதிரே ஃபேக்டரி பூட்டை உடைப்பவரைப் பிடிக்கட்டும், அதை நான் தடுக்கவில்லை. பிடித்ததும் 112. திறந்த வெளியில், நாலு பேர் பார்வையில் உட்கார வையுங்கள். தண்ணீர் கொடுங்கள். பிடித்த நேரத்தை எழுதி வையுங்கள். அடிக்காதீர்கள், பூட்டாதீர்கள்.

பெயர் சொல்லாத காவலாளி: சார், முதலாளி பூட்டச் சொன்னால் நான் என்ன செய்ய?

முதலாளி சொன்னார் என்பது கோர்ட்டில் உங்களைக் காப்பாற்றாது தம்பி. முடியாது என்று வாட்ஸ்அப்பில் அவருக்கு எழுதுங்கள், நீங்களே 112க்கு அழையுங்கள். அந்த மெசேஜை அழிக்காதீர்கள். வேலையை விட்டு நிறுத்தினால் அதை எடுத்துக்கொண்டு என்னைப் பார்க்க வாருங்கள், ஃபீஸ் வேண்டாம்.