கர்ப்பத்தில் பட்ட வேதனை குழந்தையைப் பாதித்திருக்குமா?

கேள்வி: ஐந்தாம் மாதத்தில் என் கணவருக்கு வேலை போய்விட்டது. வீட்டில் தினமும் சண்டை. பிரசவம் வரை நான் அழாத நாளில்லை. மகனுக்கு இப்போது ஒன்றரை வயது. நன்றாக நடக்கிறான், வேண்டியதைக் கைகாட்டிக் கேட்கிறான். ஆனால் நான்கைந்து வார்த்தைகள்தான் பேசுகிறான். சின்னச் சத்தத்துக்கும் வீறிட்டு அழுகிறான். நான் அழுததுதான் காரணமா? இனி என்ன செய்வது?

பதில்: முதலில் மகனைப் பார்ப்போம். இந்த வயதில் எதையும் பிடித்துக்கொள்ளாமல் நடப்பதும் ‘அம்மா’, ‘அப்பா’ தவிர மூன்று வார்த்தையாவது சொல்ல முயல்வதும் போதுமானவை. இன்னொன்றைக் கவனியுங்கள். வேண்டும் என்று கைகாட்டுவது வேறு, ‘அதோ பார்’ என்று உங்களுக்குக் காட்டுவது வேறு. இரண்டாவது இல்லையென்றாலோ, பெயர் சொல்லி அழைத்தும் திரும்பவில்லையென்றாலோ, பேசிய வார்த்தைகள் நின்றுபோனாலோ காத்திருக்காமல் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். காதையும் ஒருமுறை சோதித்துவிடுங்கள். சத்தத்துக்கு அழுவதால் மட்டும், பேச்சின் எல்லா ஒலிகளும் அவனுக்குத் தெளிவாகக் கேட்கின்றன என்று ஆகிவிடாது.

தாயின் மன அழுத்தம் கருவைத் தொடவே தொடாது என்று நான் பொய் சொல்ல மாட்டேன். அழுத்தத்தில் கார்ட்டிசால் என்ற ஹார்மோன் கூடுகிறது. அதில் பெரும்பகுதியை நஞ்சுக்கொடியில் உள்ள ஒரு நொதி செயலிழக்கச் செய்துவிடும். கடுமையான அழுத்தம் மாதக்கணக்கில் நீண்டால் இந்தக் காவல் தளரலாம். அப்படிப் பிறக்கும் குழந்தைகளிடம் அழுகையும் பயமும் சராசரியாகச் சற்றுக் கூடுதலாக இருப்பதை ஆய்வுகள் கண்டிருக்கின்றன. ஆனால் அது சராசரிக் கணக்கு. உங்கள் மகனைக் காட்டி ‘இது அதனால்தான்’ என்று எந்த மருத்துவராலும் சொல்ல முடியாது. பிறவியிலேயே சத்தத்துக்கு மிரளும் குழந்தைகளும் உண்டு. தவிர, வேலை போனதும் சண்டையும் நீங்கள் தேடிக்கொண்டவை அல்லவே!

ஹவாயின் காவாய் தீவில் 1955-இல் பிறந்த 698 குழந்தைகளை உளவியலாளர் எம்மி வெர்னர் குழுவினர் பல பத்தாண்டுகள் பின்தொடர்ந்தார்கள். வறுமை, பிரசவச் சிக்கல், குடும்பச் சண்டை எனப் பல பாதிப்புகளுக்கு ஒருசேர ஆளானவர்களிலும் மூன்றில் ஒருவர் நல்லபடியாக வளர்ந்திருந்தார். அப்படி வளர்ந்தவர்களுக்கு, பெற்றோரோ பாட்டியோ ஆசிரியரோ, கைவிடாத ஒரு பெரியவராவது துணை இருந்தார்.

அவன் மிரண்டு அழும்போது ‘இதுக்குப் போயா?’ என்று கேட்காமல் தூக்கிக்கொள்ளுங்கள். ‘கதவு சாத்தின சத்தம், பயந்துட்டியா?’ என்று நடந்ததைச் சொல்லுங்கள். நீங்கள் திரும்பத் திரும்ப அமைதிப்படுத்தித்தான் அவன் தானாக அமைதியாகக் கற்பான். அவன் கைகாட்டும் பொருளின் பெயரைச் சொல்லி, சற்று நிறுத்தி, அவன் பதிலுக்குக் காத்திருங்கள். அந்த இடைவெளியில்தான் பேச்சு வரும். குளிப்பாட்டுவதையோ தூங்கவைப்பதையோ தினமும் அப்பா செய்யட்டும்.

சண்டை இன்னும் தொடர்கிறதா? தூங்கும் குழந்தையின் மூளைகூடக் கோபக் குரலை வேறுபடுத்தி அறிகிறது. அதனால் இதைக் கணவரிடம் வெளிப்படையாகப் பேசுங்கள். அவன் முன்னால் குரல் உயர்ந்துவிட்டால், சமாதானமாவதையும் அவன் பார்க்கட்டும்.

உங்களைப் பற்றி நீங்கள் ஒன்றுமே கேட்கவில்லை. இன்னும் அடிக்கடி அழுகை வருகிறது, தூக்கம் இல்லை என்றால், மகனுக்காக மருத்துவரிடம் போகும் அன்றே உங்களைப் பற்றியும் சொல்லுங்கள். பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வு ஒரு வருடம் கழித்தும் நீடிக்கலாம்; அதற்குச் சிகிச்சை இருக்கிறது.