நிதியியலில் பிஎச்டி: காரைக்குடிப் பேராசிரியர் பதில்கள்

தேவகோட்டை மாணவி: எம்.காம் முடிக்கிறேன் ஐயா. பிஎச்டி சேர என்ன வேண்டும்?

முதுநிலையில் 55 விழுக்காடு வேண்டும் அம்மா. வணிகவியலில் நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வை எழுதுங்கள். அதன் வழியாக ஜேஆர்எஃப் என்ற ஆய்வு உதவித்தொகை கிடைத்தால் முதல் இரண்டு ஆண்டுக்கு மாதம் 37,000 ரூபாய் வரும், வீட்டு வாடகைப்படி தனி. "இன்னும் படிப்பா?" என்று கேட்கும் வீட்டாரிடம் இதை முதலில் சொல்லுங்கள்.

பள்ளத்தூர் வங்கி ஊழியர்: வேலையை விடாமல் முடியுமா? எத்தனை வருடம் ஆகும்?

முடியும். பகுதி நேரமாகச் சேரலாம், அலுவலகத்தில் தடையில்லாச் சான்று வாங்க வேண்டும். பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசியின் 2022 விதிப்படி குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 6. மறுபதிவு செய்தால் இன்னும் 2. எனக்கு ஐந்து ஆனது. முதல் ஒன்றரை வருடம் தலைப்பிலேயே போய்விட்டது. 'இந்தியப் பங்குச்சந்தை' என்று ஊரையே வளைத்துப் பிடித்திருந்தேன். ஈவுத்தொகை அறிவித்த மறுநாள் பங்கு விலை என்ன ஆகிறது என்று சுருக்கிய பிறகுதான் வேலை நகர்ந்தது.

கோட்டையூர் வாசகர்: கைடை எப்படித் தேர்ந்தெடுப்பது?

அவர் எழுதிய கட்டுரைகளைப் படித்துப் பார்த்துத்தான். ஒரு பேராசிரியர் ஒரே சமயத்தில் 8 பேருக்கு மேல் வழிகாட்ட முடியாது. அதனால் இடம் இருக்கிறதா என்று முன்கூட்டியே கேளுங்கள்.

கானாடுகாத்தான் இளைஞர்: எங்கள் பாட்டையா பர்மாவுக்குக் கொண்டுவிக்க, அதாவது வட்டித் தொழில் செய்ய, போனவர். அவருடைய பேரேடுகள் வீட்டில் கிடக்கின்றன. ஆய்வுக்கு ஆகுமா?

தம்பி, இதைவிட நல்ல தரவு எங்கே கிடைக்கும்? ரங்கூனில் நம் செட்டியார்கள் மாதந்தோறும் கோயிலில் கூடி நடப்பு வட்டியை, அதாவது கேட்டவுடன் திருப்பித் தர வேண்டிய பணத்துக்கான வட்டியை, முடிவு செய்தார்கள். குறித்த காலத்துக்குப் போட்ட பணத்துக்கான தவணை வட்டியும் அதை ஒட்டியே போனது. நெல் விலை சரிந்த 1930களில் கடன் வாங்கியவர்களால் கட்ட முடியவில்லை, நிலம் கைமாறியது. கீழ் பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் செட்டியார்கள் வசமிருந்த விளைநிலம் 1930இல் 6 விழுக்காடு, 1938இல் 25. இது மொத்தக் கணக்கு. ஒரு வட்டிக்கடையில் எந்தக் கடன் எந்த மாதம் நின்றது, அதற்கு முன் எத்தனை முறை தவணை நீட்டினார்கள் என்பதை உங்கள் பேரேடுதான் சொல்லும். கடன் கொடுத்தவர் விரும்பி நிலம் எடுத்தாரா, வேறு வழியில்லாமல் எடுத்தாரா என்பதற்கும் அதில் தடயம் இருக்கும். அதுவே ஒரு முழு ஆய்வேடு.

பழைய தமிழ் எண்களும் சுருக்கக் குறிகளும் இருக்கும். வீட்டில் படிக்கத் தெரிந்த பெரியவர் இருந்தால் இப்போதே பக்கத்தில் உட்காருங்கள். ஒவ்வொரு பக்கத்தையும் படமெடுங்கள், கரையான் அரித்த பக்கத்தையும்தான். முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைக்குப் பெட்டியைக் கொடுப்பதானால், ஏடுகளை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டு கொடுங்கள்.