தம்பிக்கு எதுவும் புரியாது என்று எழுதிவிடாதீர்கள்

கேள்வி: மனச்சிதைவு நோய்க்காக என் தம்பி நான்கு ஆண்டுகளாக ஒலான்சபின் மாத்திரை சாப்பிடுகிறான். உடல் பெருத்துக்கொண்டே போனது. ஓயாத தாகம், களைப்பு என்று மாதக்கணக்கில் சொன்னான். மனநல மருத்துவரோ, "எல்லாம் அவனுடைய பிரமை" என்று எங்களை விரட்டினார். போன மாதம் நினைவிழந்துவிட்டான். சர்க்கரை எல்லை மீறியிருந்ததால் தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்த்துக் காப்பாற்றினோம். மருத்துவரின் திமிருக்கும் சேர்த்து வழக்குப் போட வேண்டும். தம்பிக்கு எதுவும் புரியாது. அவனுக்காக நான் கையெழுத்திடலாமா?

பதில்: மருத்துவரின் திமிரை விட்டுவிடுங்கள், அதற்கு இழப்பீடு கிடைக்காது. ஒலான்சபின் எழுதியவர் இரத்தச் சர்க்கரையைப் பார்க்கச் சொன்னாரா, இல்லையா? வழக்கு இதில்தான் நிற்கும். இந்த மருந்து எடை, சர்க்கரை, கொழுப்பு மூன்றையும் ஏற்றக்கூடியது. தொடங்கும்போதே இவற்றை அளந்துகொண்டு, சர்க்கரையை 12 வாரத்தில் மறுபடியும், பிறகு ஆண்டுதோறும் பார்க்க வேண்டும் என்று அமெரிக்க நீரிழிவுச் சங்கமும் மனநல மருத்துவச் சங்கமும் 2004-லேயே கூட்டாகச் சொல்லிவிட்டன. இது தெரியாது என்று எந்த மனநல மருத்துவரும் சொல்ல முடியாது.

மருத்துவக் கோப்பை எழுத்து மூலம் கேளுங்கள். மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, பிரிவு 25 அந்த உரிமையைத் தருகிறது. அதோடு வீட்டில் கிடக்கும் பழைய மருந்துச் சீட்டுகளை ஒன்று விடாமல் பாருங்கள். ஏதாவது ஒரு சீட்டின் ஓரத்தில் 'எஃப்.பி.எஸ்.' என்று கிறுக்கியிருந்தால், வெறும் வயிற்றில் சர்க்கரை பார்க்கச் சொல்லியிருக்கிறார் என்று பொருள். நீங்கள் பார்க்காமல் விட்டிருந்தால் வழக்கின் பாதி பலம் போய்விடும். நோட்டீஸ் அனுப்புமுன் இது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

உங்கள் கடிதத்தில் எனக்குக் கவலை தருவது கடைசி வரிதான். இப்படி எழுதிக்கொடுத்துத் தங்கள் வழக்கைத் தாங்களே கெடுத்துக்கொண்ட குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். "பல மாதங்களாகத் தாகம் என்று சொன்னார், மருத்துவர் காதில் வாங்கவில்லை" என்பதுதானே உங்கள் புகார்? அதே மனுவில் "அவருக்கு எதுவும் புரியாது" என்று நீங்களே எழுதினால், எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அந்த வரியை எடுத்து வாசிப்பார். எதுவும் புரியாதவர் சொன்ன தாகத்தை மருத்துவர் எப்படி நம்புவார் என்று கேட்பார். உங்களிடம் பதில் இருக்காது. மனநோயாளி சொல்லும் உடல் வலியையும் மனநோயின் கணக்கிலேயே எழுதுவதால் எத்தனையோ உயிர்கள் போகின்றன. தீவிர மனநோய் உள்ளவர்கள் மற்றவர்களைவிட 10 முதல் 20 ஆண்டுகள் முன்பே இறக்கிறார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பெரும்பாலும் இதயநோய், சர்க்கரை போன்ற உடல்நோய்களால். உடல்நோயாளிக்குச் சமமாக இவர்களையும் நடத்த வேண்டும் என்று அதே மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் பிரிவு 21 சொல்கிறது. மருத்துவர் செய்த அதே தவற்றை நீங்கள் முத்திரைத் தாளில் செய்யாதீர்கள்.

மனநோய் இருப்பதாலேயே ஒருவர் முடிவெடுக்கும் திறனை இழந்துவிடுவதில்லை. உங்கள் தம்பி வயது வந்தவர். விளக்கினால் புரிந்துகொள்கிறார் என்றால் மனுதாரர் அவரே, கையெழுத்தும் அவருடையதே. எப்போதிருந்து தாகம், யாரிடம் சொன்னார் என்பதை அவர் வார்த்தையிலேயே பிரமாணப் பத்திரமாக எழுதுங்கள். நீங்கள் கண்ணால் கண்டதற்குச் சாட்சி சொல்லுங்கள். நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போட இரண்டு ஆண்டுக் கெடு இருக்கிறது.

இன்னொன்று: கோபத்தில் மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். மாற்றுவதா வேண்டாமா என்பதை வேறொரு மனநல மருத்துவர் சொல்லட்டும். நீங்களாக நிறுத்தி மனநோய் திரும்பினால், தம்பிக்கும் ஆபத்து, பழியும் உங்கள் மேல் வரும்.

என்னைக் கேட்டால் சமரசம் பேசுங்கள். வழக்குக்குப் பெரும்பாலும் இன்னொரு மருத்துவரின் நிபுணர் கருத்து வேண்டியிருக்கும். அது எளிதில் கிடைக்காது. கோப்பில் பரிசோதனை எதுவும் இல்லை என்றால் மருத்துவமனை பேச முன்வரும். தீவிர சிகிச்சைச் செலவையும் சர்க்கரைக்கான தொடர் சிகிச்சைச் செலவையும் கேளுங்கள். ஒப்பந்தத்தில் "இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்று ஒரு வரி வரும். சர்க்கரையால் கண்ணும் சிறுநீரகமும் கெடுவது பல ஆண்டுகள் கழித்துத்தான் தெரியவரும். அந்தப் பின்விளைவுகளுக்கு விலக்கு எழுதி வாங்கிய பிறகே தம்பி கையெழுத்திடட்டும்.